பீரோவில் இருந்த பிரெஞ்சுக் காகிதம்

சென்ற பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம், என் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்காக மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் என் வயதுக்காரர் ஒருவர். “நாளைக்கு மலை சுத்தணும் தம்பி. முட்டி வலிக்கு நாலு மாத்திரை குடு. போன தடவ குடுத்தியே, அதே மாத்திரை” என்றார். கடைப் பையன் அட்டையைக் கத்தரித்து உறையில் போட்டுக் கொடுத்தான்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “ஐயா, இதை எப்போ போட்டுக்குவீங்க?” என்று கேட்டேன்.

“காலையில காப்பியோட ஒண்ணு. கெளம்பறப்ப ஒண்ணு.”

“நாளைக்குச் சாப்பாடு?”

“பௌர்ணமி விரதம் சார். சுத்திட்டு வந்து ராத்திரிதான்.”

அவரைப் பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேசினேன். அங்கே பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்பதையும், கற்றதைச் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரிக்காரன். 1951இல் பிறந்தவன். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2011இல் ஓய்வு பெற்று, மனைவி பிறந்த ஊரான திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தேன்.

வயிற்றுப் புண் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது தமிழில் அல்ல. பள்ளியில் சரித்திரம் எடுத்த முசியே, நெப்போலியன் படத்தைக் காட்டி, “கோட்டுக்குள்ளே கையை வைத்திருக்கிறாரே, ஏன் தெரியுமா? வயிற்றில் ‘உல்சேர்’ இருந்தது, வலி” என்றார். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் படத்துக்கு நிற்கும் தோரணையே அதுதான், வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடு படித்தேன். ஆனால் 1821இல் செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது இரைப்பையில் புண் இருந்தது உண்மை. அது துளையாகி, அந்தத் துளையைக் கல்லீரல் ஒட்டி அடைத்துக்கொண்டிருந்ததாம். வகுப்பில் நாங்கள் எல்லோரும் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு சிரித்தோம். எனக்கு முப்பது வயது தாண்டியபோது அந்தக் கை தானாகவே அங்கே போய்விட்டது.

காலையில் வெறும் காப்பி, பத்து மணிக்கு ஆபீஸ், பதினொரு மணிக்கு டீயும் சிகரெட்டும். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. தலைவலிக்கு ஆஸ்பிரின். ராத்திரி இரண்டு மணிக்கு, மேல் வயிற்றில் கொள்ளிக்கட்டையை வைத்தது போல ஒரு எரிச்சல் எழுப்பிவிடும். இரண்டு பிஸ்கெட் தின்றால் அடங்கும். குடல் முனையில் வரும் புண்ணின் குணம் அதுதான்: பசித்தால் வலிக்கும், சாப்பிட்டால் அடங்கும். இரைப்பைக்குள் வரும் புண்ணோ சாப்பிட்ட பிறகு வலிக்கும். அதெல்லாம் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? பாட்டி ‘குன்மம்’ என்றாள். மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்தார்கள். நான் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன்.

நம் தென்னாட்டில் இந்த வியாதி அந்நாளில் மிக அதிகம். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்த டோவி என்ற ஆங்கில அறுவை மருத்துவர், ஏன் இது அரிசி சாப்பிடும் பகுதியில் கூடுதலாகவும் கோதுமை சாப்பிடும் பகுதியில் குறைவாகவும் இருக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து எழுதினார். ரயில்வேயில் மருத்துவராக இருந்த மல்ஹோத்ரா, வடக்கிலும் தெற்கிலும் உள்ள ரயில்வே ஊழியர்களை ஒப்பிட்டுப் பார்த்து, மென்று தின்னாததுதான் காரணமோ என்று யோசித்தார். ஆளுக்கு ஒரு காரணம். எங்கள் ஆபீஸில் சொன்ன காரணம் “டென்ஷன்.”

1984 மார்ச் கடைசி. வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். இரண்டு நாளாக ஒரே அசதி. மூன்றாம் நாள் மேஜையிலேயே வாந்தி வந்தது. காப்பி வடிகட்டிய பின் தங்கும் வண்டல் மாதிரி கறுப்பாக இருந்தது. எழுந்திருக்கப் போனேன், கண் இருட்டியது. ஆபீஸ் ஜீப்பில் கோரிமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜிப்மர் ஆஸ்பத்திரி. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. அன்று எனக்கு அந்தச் சரித்திரம் எதுவும் ஞாபகம் வரவில்லை.

டாக்டர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள், போனார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க என் பக்கத்தில் இருந்தது வார்டு சிஸ்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கால் மணிக்கு ஒரு தரம் நாடி, ரத்த அழுத்தம். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். அதில் ஐஸ் தண்ணீர் விட்டு விட்டு எடுத்தார்கள். அது அந்தக் காலத்து வழக்கம். எடுத்த தண்ணீர் காப்பி நிறத்திலிருந்து ரோஜா நிறமாகி, ரோஜாவிலிருந்து வெள்ளையாகும்வரை அவர் விடவில்லை. ஒரு கையில் ரத்தம், ஒரு கையில் சலைன். உள்ளே போனது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று அட்டையில் எழுதிக்கொண்டே இருந்தார். “சிறுநீர் குறைஞ்சா ரத்தம் உள்ளே கசியுதான்னு சந்தேகம். அதான் அளக்கறேன்” என்றார். கணக்கு எழுதுவதே தொழிலாக இருந்த எனக்கு அந்த அட்டை மேல் ஒரு மரியாதை வந்தது.

காலையில் அவர் கேட்ட முதல் கேள்வியில் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. “மலம் என்ன நிறம்?” நான் பதில் சொல்லாமல் விட்டத்தைப் பார்த்தேன். “எத்தனை நாளா கறுப்பு?” என்று அடுத்த கேள்வி. நான்கு நாளாக. “தார் மாதிரி ஒட்டிச்சா? நாத்தம்?” ஆமாம். “நாலு நாள் முன்னாடியே வந்திருந்தா இந்தக் குழாய் வேண்டாமே சார்” என்றார். திட்டவில்லை. ஆனால் இன்றுவரை அது காதில் இருக்கிறது.

பேச்சு வாக்கில் அவர் மாஹேக்காரர் என்று தெரிந்தது. மாஹேயும் நம் புதுச்சேரி மாதிரி பிரெஞ்சு ஊர்தான். 1954இல் பிரெஞ்சுக்காரர் கிளம்பும் முன் அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவராம். அன்றிலிருந்து என்னை “முசியே” என்றுதான் கூப்பிட்டார். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அவர் தமிழில் மலையாளம் கலக்கும், என் தமிழில் ஆபீஸ் வாடை அடிக்கும். பிரெஞ்சில் இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பேசிக்கொண்டோம்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “முசியே, இனிமே நான் பக்கத்துல இருக்க மாட்டேன். உங்களை நீங்களே பாத்துக்கணும். நான் சொல்றதை எழுதிக்கோங்க. உங்க மனைவியையும் கூப்பிடுங்க, அவங்களும் கேக்கணும்.”

என் மனைவி வராந்தாவில்தான் இருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. மலம், வாந்தி என்று அவள் எதிரில் பேசுவதா என்று எனக்கு வெட்கம். “வேண்டாம் சிஸ்டர், நான் சொல்லிக்கறேன்” என்றேன். அவளிடம் பிளாஸ்கைக் கொடுத்து வெந்நீர் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சிஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்கு வேகமாக எழுத வருவது பிரெஞ்சுதான். ஏழு வரி. “ஜாமே ஆ ஜேன்” — வெறும் வயிற்றில் எந்த மாத்திரையும் கூடாது — என்பது ஒரு வரி. “செல் நுவார்” — கறுப்பு மலம், தினமும் பார் — என்பது ஒரு வரி. ஆஸ்பிரினும் வலி மாத்திரையும் தொடாதே. சிகரெட்டை விடு. காப்பி வண்டல் போல வாந்தி வந்தாலோ, வயிறு பலகை மாதிரி இறுகினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. வலி நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தாதே. ஏழாவது வரி, இரண்டு மணிக்கு ஒரு தரம் பால், காரம் புளி கூடாது.

எழுதி முடித்ததும் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க” என்றார். ஐந்து வரி சொன்னேன். விட்டுப்போன இரண்டை மறுபடி சொல்லிக்கொடுத்து, மறுபடி கேட்டார். ஏழும் வந்த பிறகுதான் எழுந்தார். போகும்போது, “வலி தீர்ந்தா வியாதி தீர்ந்ததுன்னு நெனைக்காதீங்க. மருந்து தீரட்டும்” என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நான் சொன்னது ஏழாவது வரியை மட்டும்தான். சமையல் சம்பந்தப்பட்டது அது ஒன்றுதானே? மற்ற ஆறும் என் விஷயம் என்று நினைத்தேன். காகிதத்தை பீரோவில் பென்ஷன் காகிதங்கள் வைக்கும் உறையில் செருகிவிட்டேன்.

அன்று முதல் அவள் எனக்குப் பால் கொடுத்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ஸ்டவ் பற்றவைத்து, வெதுவெதுப்பாக ஒரு தம்ளர். மகள் பிறந்து கைக்குழந்தையாக இருந்தபோதும் எனக்கும் பால், குழந்தைக்கும் பால். எனக்குத் தனியாகக் காரமில்லாத குழம்பு. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பதினான்கு வருஷம்.

அந்தப் பதினான்கு வருஷமும் புண் ஆறும், மறுபடி வரும். சிமெட்டிடின் மாத்திரை சாப்பிட்டால் ஒரு மாதத்தில் அடங்கும், நிறுத்திய சில மாதத்தில் திரும்பும். இந்த மாத்திரை வருமுன் வயிற்று நரம்பை வெட்டும் ஆபரேஷன்தான் கதி. என் வார்டிலேயே மூன்று பேர் வயிற்றில் அந்தத் தழும்பு இருந்தது. ஆக, மாத்திரை பெரிய வரம்தான். அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அது அமிலத்தைக் குறைத்ததே தவிர, வேரைப் பிடுங்கவில்லை.

வேரை வேறொரு ஊரில் பிடித்துவிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரம். ராபின் வாரன் என்ற மருத்துவர் இரைப்பைச் சதையில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவருடன் சேர்ந்துகொண்டு, அதை வளர்த்துக் காட்ட முயன்றார். வளரவே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தண்ணீரில் கலக்கித் தானே குடித்துவிட்டார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். உள்ளே பார்த்தால் இரைப்பை அழன்று போயிருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதில் இரண்டு விஷயம் எனக்கு விசேஷம். மார்ஷல் என்னைப் போல 1951இல் பிறந்தவர். நான் ஜிப்மரில் படுத்திருந்த அதே 1984இல்தான் அவர் அதைக் குடித்தார். இரண்டாவது, குடிக்கப்போகிறேன் என்று அவர் தன் மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நோபல் பரிசு வாங்கியவரும் வீட்டில் நம்மைப் போலத்தான்.

1998இல் ஒரு டாக்டர் எனக்கு எண்டாஸ்கோப்பி செய்து, இரைப்பையிலிருந்து ஒரு கடுகளவு சதையை எடுத்து, மஞ்சள் நிறக் கூழ் ஒன்றில் வைத்தார். என் கண் முன்னாலேயே அது ரோஜா நிறமானது. “கிருமி இருக்கு சார்” என்றார். அமிலத்தைக் குறைக்க ஒன்று, கிருமியைக் கொல்ல இரண்டு, ஆக மூன்று மருந்து, பதினான்கு நாள். ஆறாம் நாளே வலி போய்விட்டது. வாயெல்லாம் தகரத்தை நக்கியது போல் ஒரு கசப்பு. நிறுத்திவிடலாமா என்று கை நடுங்கியது. மாஹே சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பதினான்கு நாளையும் முடித்தேன். பாதியில் விட்டால் மிச்சக் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், மறுமுறை கேட்காது என்று டாக்டர் பிறகு விளக்கினார். அதன்பின் இன்றுவரை எனக்கு அந்த எரிச்சல் வரவில்லை.

பாலைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். சிரித்தார். பால் குடித்தவுடன் இதமாக இருக்கும், ஆனால் அதுவே கொஞ்ச நேரத்தில் அமிலத்தைக் கூட்டும், புண் ஆற அது ஒன்றும் செய்யாது என்றார். சிக்காகோவில் ஸிப்பி என்ற டாக்டர் 1915இல் மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும் கொடுக்கச் சொன்னதிலிருந்து உலகம் முழுக்க வந்த பழக்கமாம். மாஹே சிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று புத்தகத்தில் இருந்ததை அவர் சொன்னார். அவர் சொன்ன ஏழில் ஆறு வரி இன்றும் நிற்கிறது. பால் வரி ஒன்றுதான் அடிபட்டது. நான் வீட்டில் சொன்னதும் அந்த ஒன்றைத்தான்.

2018 ஐப்பசிப் பௌர்ணமிக்கு வருகிறேன்.

மனைவிக்கு அறுபது தாண்டியதும் முட்டி வலி. ஆனாலும் மாதா மாதம் பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்றுவதை விடமாட்டாள். வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்தது ஐந்து நாளைக்கு. அந்தச் சீட்டைக் காட்டியும், பிறகு சீட்டு இல்லாமலும், அட்டை அட்டையாக வாங்கி வந்தது வேறு யாருமல்ல, நான்தான். மருந்து வாங்கிக் கொடுக்கும் நல்ல கணவன் என்று எனக்கே ஒரு திருப்தி.

அன்று அவள் விரதம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து, நிருதி, வருணன் தாண்டி, அடி அண்ணாமலை பக்கம் போகும்போது, “ஏங்க, கொஞ்சம் உக்காரட்டா?” என்றாள். பாதை ஓரம் உட்கார்ந்தாள். நெற்றி முழுக்க வேர்வை. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. நாடியைப் பிடித்தேன். நூல் மாதிரி மெல்லிசாக, ஓட்டமாக ஓடியது. விரத மயக்கம் என்று பக்கத்தில் நின்றவர்கள் இளநீர் வாங்கி வந்தார்கள். எனக்கு மட்டும் முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு கேள்வி தொண்டைக்கு வந்தது. அத்தனை கூட்டத்தில் அவள் காதோரம் குனிந்து கேட்டேன்.

“வெளிக்குப் போனது என்ன நிறம்?”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நாலஞ்சு நாளா கறுப்பாத்தான் போகுது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறேன்ல, அதனாலன்னு விட்டுட்டேன்.”

“ஒட்டுதா?”

“ஆமா. தார் மாதிரி. தண்ணி ஊத்தினாலும் போகல.”

இளநீரைத் தடுத்துவிட்டேன். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. படுக்க வைத்து, என் தோள் பையை அவள் காலுக்கடியில் வைத்து உயர்த்தினேன். 108க்குப் போன் செய்தேன். பௌர்ணமிக் கூட்டத்தில் வண்டி வர வேண்டுமே! போலீஸ்காரர்கள் வழி ஒதுக்கிக் கொடுத்தார்கள். வண்டி வர ஆன அந்த இருபது நிமிஷத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஆறு. எண்டாஸ்கோப்பியில் இரைப்பையில் புண், அதன் நடுவே கசியும் ரத்தக் குழாய். அங்கேயே ஊசி போட்டு, சின்னக் கிளிப் வைத்து அடைத்தார்கள். மூன்று யூனிட் ரத்தம். கிருமிச் சோதனையில் கிருமி இல்லை. முழுக்க முழுக்க வலி மாத்திரை செய்த வேலை. “வயித்து வலியே இல்லையே டாக்டர்?” என்று கேட்டேன். வயதானவர்களுக்கு, அதிலும் வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, புண் வலிக்காமலே வரும், முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக இருக்கலாம் என்றார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் ஆண் நர்ஸ் வந்தார். செய்யாறு பக்கத்துப் பையன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அம்மா, நான் சொல்றத கேட்டுட்டு, திரும்ப எனக்குச் சொல்லணும். ஐயா, நீங்களும் வாங்க, வெளிய போகாதீங்க” என்றார். மாஹே சிஸ்டர் மறுபடி பிறந்து வந்தது போல இருந்தது. அதே பாடம். பால் மட்டும் இல்லை.

என் மனைவி ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இதெல்லாம் ஒங்களுக்கு அப்பவே சொல்லியிருப்பாங்களே?”

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து காகிதத்தை எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. “இதுவா?” என்றாள். “எத்தனை தடவ தூசி தட்டி வெச்சிருக்கேன். ஏதோ ஆபீஸ் காகிதம்னு நெனச்சேன்.” ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். ஏழாவது வரி வந்ததும், “பால மட்டும் சொன்னீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பதை நர்ஸுகள் மருந்து கொடுப்பது போலவே ஒரு வேலையாகச் செய்கிறார்கள். அதைக் கேட்டுக்கொள்வதும், வீட்டில் எல்லோருக்கும் புரிகிற பாஷையில் சொல்வதும் நம் வேலை. அந்த வேலையை நான் செய்யவில்லை. ஆகவே அந்தக் காகிதத்தை இன்றைய விவரத்தோடு தமிழில் திருத்தி எழுதி, அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதிலிருப்பது இதுதான்:

1. முட்டி வலி, இடுப்பு வலி மாத்திரைகளை (டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகைகள்) நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. டாக்டர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாள்தான். அவசரத்துக்குப் பாரசிட்டமால் வயிற்றுக்குச் சாது. அதற்கும் அளவு உண்டு.

2. சாப்பிட்டபின் போட்டால் ஆபத்தே இல்லை என்பது பாதி உண்மை. ஊசியாகப் போட்டால் வயிற்றைத் தொடாது என்பது முழுப் பொய். வயிற்றுச் சுவரைக் காக்கும் வழுவழுப்புப் பூச்சு சுரப்பதை இந்த மருந்துகள் ரத்தத்தின் வழியாகப் போய்த் தடுக்கின்றன. எப்படிப் போட்டாலும் அது நடக்கும்.

3. இதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நாமாக நிறுத்தவும் கூடாது. வலி மாத்திரை எழுதும் டாக்டரிடம், “நான் இதையும் சாப்பிடுகிறேன்” என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

4. கிருமிக்கு மருந்து கொடுத்தால் கடைசி மாத்திரை வரை. முடிந்து ஒரு மாதம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று சோதித்துக்கொள்வது நல்லது.

5. அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு.

6. பாலும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை விட்டால் போதும். சிகரெட்டை மட்டும் அறவே விட வேண்டும். புண்ணை ஆறவிடாது.

7. மலத்தின் நிறத்தைப் பார். இரும்பு மாத்திரையாலும் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டி, வழக்கமில்லாத நாற்றம் அடித்தால் அது ரத்தம். அரைத் தம்ளர் ரத்தம் உள்ளே கசிந்தாலே போதும், கறுத்துவிடும். அப்படியானால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காப்பி வண்டல் வாந்தி, திடீரென்று கத்தி பாய்ந்தது போல் வலி, பலகையாக இறுகிய வயிறு — இவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

எட்டாவதாக ஒரு வரியை என் மனைவி தன் கையால் சேர்த்தாள்: “கூச்சப்படாமல் கேள். கூச்சப்படாமல் சொல்.”

மருந்துக் கடைப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சரி சார், நாளைக்கு மாத்திரை வேண்டாம். முடிஞ்ச வரைக்கும் நடக்கறேன், மிச்சத்துக்கு ஆட்டோ” என்றார். எழுந்து நாலு அடி போனவர் திரும்பி வந்து, “கறுப்பா போனா ஒட்டுதான்னு பாக்கணும்னு சொன்னீங்கல்ல, அத எங்க வீட்டுல ஒரு தடவ சொல்றீங்களா? அவதான் எனக்கு மேல மாத்திரை முழுங்கறா” என்று தன் போனை நீட்டினார்.

சொன்னேன். தமிழில்தான்.